நிழலுக்குக் குரல் கொடுத்தல்



படம் காட்ட இயலாத வானொலியில் படக்கலையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் என் அலுவலக நண்பர்கள் சிலர் நகைத்தனர். அவர்கள் நகைப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நான் சொல்ல எடுத்துக்கொண்டது படத்தைப் பற்றி மட்டுமன்று. குரலும் உருவமும் ஒரே கணத்தில், ஒரே மனிதனுடைய வாயினின்றும் கையினின்றும் பிறந்து, எதிரே அமர்ந்திருப்போரின் சிரிப்புக்கும் கூச்சலுக்கும் ஏற்பத் தம் போக்கை மாற்றிக்கொள்ளும் கலை ஒன்று உண்டு. அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

மேனாட்டில் இக்கலையை இப்போது கணிப்பொறியும் புரொஜெக்டரும் கொண்டு ஆக்குகின்றனர். அதற்கு 'லைவ்' என்றும் 'இன்டராக்டிவ்' என்றும் இரண்டு அடைமொழிகளைச் சூட்டுகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஆதலால் இரண்டாவது சொல்லோடு நான் பலமுறை மல்லுக்கட்டியிருக்கிறேன். 'பரஸ்பர வினையாற்றும்' என்று ஒருகாலத்தில் எழுதினேன். படிப்பவர் எவர்க்கும் அது விளங்கவில்லை. பிற்பாடு 'ஊடாட்டம்' என்ற சொல் வழக்கிற்கு வந்தது. ஒருவர் நடுவே ஒருவர் புகுந்து பழகுவதை ஊடாடுதல் என்று நம் முன்னோர் சொல்லியிருக்கின்றனர். கலைக்கும் காண்போர்க்கும் இடையே அவ்வாறு புழங்கும் வழி இருப்பின், அக்கலை ஊடாட்டக் கலை. இல்லையேல் அது காட்சி மட்டுமே.

இவ்வேறுபாட்டினைத் தில்லி வாழ் நேயர்கள் எளிதில் உணர்வர். செங்கோட்டையில் 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஒலி-ஒளிக் காட்சியை அவர்களுள் பலர் கண்டிருக்கக்கூடும். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் சிலப்பதிகாரக் கதை சொல்லும் அத்தகைய காட்சியைத் தமிழகம் சென்றபோது கண்டோரும் உண்டு. 1952-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சாம்போர் மாளிகையில் இவ்வகைக் காட்சி முதன்முதலில் நடத்தப்பெற்றது. குதிரைகளின் குளம்போசை கேட்கும்; ஒரு மாடம் சிவந்து ஒளிரும்; மெய் சிலிர்க்கும். ஆனால் குரல்கள் யாவும் முன்னரே பதிவு செய்யப்பட்டவை. நாம் அழுதாலும் சிரித்தாலும் எழுந்து போய்விட்டாலும் குதிரைகள் தம் நேரப்படி ஓடிக்கொண்டே இருக்கும். நமக்காக ஒரு நொடியும் அவை நில்லா.

நமக்காக நின்ற ஒரு காட்சியை நான் இளமையில் கண்டேன்.

என் ஊர் காரக்கோணம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் பாறசாலைக்கு வடகிழக்கே, எல்லையை ஒட்டி அமைந்த ஊர். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. ஆகவே எங்கள் வீட்டில் தமிழும், பள்ளியிலும் கடையிலும் மலையாளமும் வழங்கின. என் பாட்டா பத்திரிகையைத் தமிழில் படித்துவிட்டுக் கணக்கை மலையாளத்தில் எழுதுவார். அது வேறு கதை.

சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மரச்சீனி பிடுங்கி வெறுமையாய்க் கிடந்த ஒரு விளையில், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் நான்கு மூங்கிலை நட்டு வேட்டித் துணியைக் கட்டினர். இரவு ஒன்பது மணிக்குத் துணிக்குப் பின்னே விளக்கு எரிந்தது. நிறம் நிறமாய் இராமனும் இலக்குவனும் தோன்றினர். அது தோல்பாவைக்கூத்து.

தென் தமிழகத்தில் இக்கூத்தை நடத்துவோர் மண்டிகர் என்னும் வகுப்பினர். தஞ்சையில் மராத்தியர் ஆட்சி ஏற்பட்ட பின்னர்த் தமிழகத்தில் பரவியவர்கள் என்பர். அவர்கள் வீட்டு மொழி மராத்தி. கூத்தின் மொழி தமிழ். நாகர்கோவிலைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் அ. கா. பெருமாள் இவர்களோடு நெடுங்காலம் பழகி இக்கலையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இராமாயணத்தைப் பல இரவுகளாகப் பகுத்து ஆடுவர்; நல்லதங்காள் கதையும் அரிச்சந்திரன் கதையும் ஆடுவதுண்டு. மழை பெய்யாத ஊரில் கூத்து நடத்தினால் மழை வரும் என்ற நம்பிக்கையும் உண்டு.

பாவை செய்யும் முறையைச் சற்றுப் பார்ப்போம். ஆட்டுத்தோலை ஊறவைத்து மயிர் நீக்கிச் சுரண்டி இழுத்துக் கட்டி உலர்த்துவர். தோல் ஒளி ஊடுருவும் பதத்திற்கு மெலியும். அதன்மேல் உருவம் வரைந்து, வெட்டி, அணிகலன்களின் இடத்தில் சிற்றுளியால் துளைகள் இட்டுச் சாயம் ஏற்றுவர். நடுவே பிளந்த மூங்கிற் குச்சி ஒன்று. கையும் தோளும் சேரும் இடத்தில் நூல் முடிச்சு. விளக்கொளி தோலின் சாயத்தைக் கடந்து வருவதால் துணியில் விழுவது கரிய நிழலன்று, வண்ண நிழல்.

இப்பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் உருவம் தெளிவாய் இருக்கும். விளக்கை நோக்கிப் பின்னே இழுத்தால் பெரிதாகும், மங்கும். விளக்குக்கும் துணிக்கும் நான்கு அடி தூரம் என்று கொள்வோம். பாவை நடுவழியில் இரண்டு அடியில் நின்றால் நிழல் இரு மடங்காகும். விளக்கிலிருந்து ஓரடியில் நின்றால் நான்கு மடங்காகும். அரக்கன் ஒருவன் அலறிக்கொண்டு திரை முழுதும் நிறைந்து வந்து, ஒரு நொடியில் சுருங்கி உருப்பெறும் காட்சிக்கு இதுவே சூத்திரம். அலறலும் அதே அளவில் ஏறி இறங்க வேண்டும். கை பின்னே போகும்போது குரல் பெருக வேண்டும். கை முன்னே வரும்போது குரல் ஒடுங்க வேண்டும். இரண்டும் ஒரே உடலில் நிகழ்வதால் இவற்றை ஒத்துப்போகச் செய்ய வேறொரு கருவி தேவைப்படுவதில்லை.

பாவைகள் அனைத்துக்கும் குரல் கொடுப்பவர் பெரும்பாலும் ஒருவரே. பின்பாட்டும் ஆர்மோனியமும் மிருதங்கமும் வீட்டாரின் பொறுப்பு. ஒரே குரல் பத்துப் பேராய்ப் பேசும்போது, பேசுவது யார் என்று நமக்கு எவ்வாறு தெரிகிறது? பாவையின் வாய் அசைவதில்லை. பேசும் பாவை உடல் அசையும். கேட்கும் பாவை அசையாது நிற்கும். அவ்வளவே. ஓர் ஒலியும் ஓர் அசைவும் ஒரே கணத்தில் நிகழுமானால் அந்த ஒலி அந்த அசைவினின்றே வந்தது என்று நம் மூளை முடிவு கட்டிவிடுகிறது. சினிமாக் கொட்டகையில் ஒலிபெருக்கி ஓரிடத்திலும் நடிகரின் வாய் வேறிடத்திலும் இருந்தும், குரல் வாயினின்று வருவதாகவே நாம் கேட்பதற்கும் இதுவே காரணம்.

கூத்தின் உயிர் இராமனிடத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிகளிடத்தில் இருக்கிறது. உச்சியில் ஒரு குடுமி மட்டும் உள்ளவன் ஒருவன்; உளுவை மீனின் தலையை ஒத்த தலையுடையவன் மற்றவன். இவர்களுக்குக் கதையில் எந்த வேலையும் இல்லை. அனுமன் கடல் தாண்டுவதற்குமுன் புகுந்து, அன்று காலை ஊரில் நடந்ததைப் பேசுவர். பகலில் சாயாக்கடையில் அமர்ந்து ஊர்ச் செய்தி சேகரித்த மனிதரே இரவில் திரைக்குப் பின்னே இருக்கிறார் என்பது சிறுவர்களாகிய எங்களுக்குத் தெரியாது.

அன்று எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு பையன், "எல, உனக்கு மலையாளம் தெரியுமா?" என்று கத்தினான். உச்சிக்குடும்பன் சட்டென்று திரும்பினான். பாவை திரும்புவதென்றால் கையை ஒருமுறை சுழற்றுவதுதான். ஆயினும் அவன் எங்களைப் பார்த்தான் என்றே நாங்கள் ஒவ்வொருவரும் நம்பினோம். "தெரியும் மக்கா, ஆனா ராத்திரி ஒம்பது மணிக்கு மேல பேசமாட்டேன்" என்றான். அடுத்து உளுவத்தலையன் நல்ல மலையாளத்தில் அவனை வைதான். தமிழர்களும் மலையாளிகளுமாக அமர்ந்திருந்த விளை முழுதும் சிரித்தது. மராத்தி பேசும் ஒருவர் தமிழிலும் மலையாளத்திலும் இரு நிழல்களைச் சண்டையிட வைத்தார். அனுமன் கடற்கரையில் கால் மணி நேரம் காத்திருந்தான்.

அனுமன் காத்திருந்தது, கையும் குரலும் எதிரிலுள்ளோரைக் கேட்டுக்கொண்டிருந்ததால்தான்.

கேரளத்தின் வடபகுதியில் இதற்கு நேர்மாறான ஒரு வகை உண்டு. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்ற நிலையான அரங்கத்தில், 21 விளக்குகளை வரிசையாய் ஏற்றி, பல இரவுகள் தோல்பாவைக்கூத்து நடைபெறுகிறது. பாவைகள் மான்தோலால் ஆனவை, நிழல் கரியது. இராம-இராவண யுத்தத்தின்போது பத்ரகாளி தாரகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் அதனைக் காணவில்லை. அவள் காணும்பொருட்டே இக்கூத்து என்பது ஐதிகம். நள்ளிரவுக்குப் பின் மனிதர் ஒருவரும் எதிரே இல்லாமலும் புலவர்கள் பாடி விரித்துரைத்துக்கொண்டே இருப்பர். அவர்கள் பாடுவது கம்பராமாயணப் பாடல்கள். மலையாள நாட்டின் நடுவே, கேட்பார் இல்லாத இரவில், தமிழ்ப் பாட்டு! வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது சற்று நெஞ்சைத் தொடும் செய்தி. இம்மரபில் வந்த ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. இருப்பினும் ஊடாட்டம் என்று பார்க்குங்கால், அங்கே பதில் சொல்ல வேண்டியவள் தேவி. எங்கள் விளையில் பதில் சொன்னவன் பக்கத்து வீட்டுப் பையன்.

மேனாட்டார் இதே வழியில் எவ்வாறு வந்தனர் என்பதைச் சுருக்கமாய்க் காண்போம். பிரான்சு நாட்டுப் பாதிரியார் காஸ்டல் என்பவர் 1725-இல், ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் ஒரு நிறம் தோன்றும் இசைப்பெட்டி செய்யலாம் என்று அறிவித்தார். ருஷ்ய இசைமேதை ஸ்கிரியாபின் 1910-இல் முடித்த 'பிரொமீதியஸ்' என்ற இசைப்படைப்பில் ஒளிக்கென்றே தனி வரி எழுதினார். 1915-இல் நியூயார்க்கில் அது வண்ண ஒளியோடு வாசிக்கப்பெற்றது. இவையெல்லாம் ஒலிக்கு ஒளியைத் துணை சேர்க்கும் முயற்சிகள். காண்போர் இன்னும் நாற்காலியிலேயே இருந்தனர்.

அவர்களை எழுப்பி உள்ளே அழைத்தவருள் மைரன் குரூகர் என்னும் அமெரிக்கர் குறிப்பிடத்தக்கவர். 1970-களில் அவர் 'வீடியோபிளேஸ்' என்ற அறையை அமைத்தார். உள்ளே நுழைபவரின் உருவத்தைக் காமிரா பிடித்து, கணிப்பொறி அதனை வெறும் நிழலுருவாக்கித் திரையில் காட்டும். திரையில் கணிப்பொறி வரைந்த சிறு பிராணி ஒன்றும் உண்டு. நீங்கள் கை நீட்டினால் அந்நிழற்கையில் அது தொற்றிக்கொள்ளும். தோள்மேல் ஏறித் தலையுச்சியில் ஆடும். இதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். துணியும் நிழலும் குறும்புக்காரன் ஒருவனும்! உச்சிக்குடும்பன் கடல் கடந்து போயிருக்கிறான் என்று தோன்றியது.

இன்றைய கணிப்பொறி முறை அப்படியொன்றும் மாயம் அன்று. மைக்கில் விழும் ஒலி மின்னலையாக மாறுகிறது. கணிப்பொறி அவ்வலையை வழக்கமாக ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குகிறது. அவ்வெண்களைச் சிறு சிறு கட்டுகளாக எடுத்து, ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் வகுத்த முறைப்படி, இதில் தாழ்ந்த சுருதி எவ்வளவு, உயர்ந்த சுருதி எவ்வளவு என்று பிரிக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி ஒருபுறமும் ஜால்ரா மறுபுறமும் ஒதுங்கிவிடும். பின்னர், தொப்பி அதிர்ந்தால் இந்த வட்டம் பெருகட்டும், ஜால்ரா ஒலித்தால் இந்த நிறம் மாறட்டும் என்று கட்டளை எழுதிவிட்டால் படம் ஒலியைப் பின்பற்றும். காமிரா ஒன்றைச் சேர்த்தால் காண்போரின் கையசைவும் அதே போல் எண்ணாகிக் கட்டளையாகும்.

இதில் இடர் தருவது காலதாமதம். 1,024 அளவுகள் கொண்ட ஒரு கட்டு நிரம்பவே விநாடியில் ஆயிரத்தில் 23 பங்கு செல்கிறது; பின்னும் படம் வரைய நேரம், புரொஜெக்டருக்கு நேரம். ஒலி படத்தை முந்துவதை நாம் விரைவில் கண்டுகொள்கிறோம். ஆயிரத்தில் 45 பங்கு முந்தினாலே நெருடும். பிந்தினால் 125 பங்கு வரை பொறுத்துக்கொள்கிறோம். இடி மின்னலுக்குப் பின்னரே வருகிறது. தொலைவில் துணி துவைப்பவரின் அடி கண்ணுக்குப் பின்னரே காதுக்கு எட்டுகிறது. ஒலி பிந்தி வரும் உலகத்திலேயே நாம் வளர்ந்தோம். கணிப்பொறியோ ஒலியைக் கேட்ட பின்னரே படத்தை வரைவதால் இயற்கைக்கு எதிரான வழியில் பிந்துகிறது. பாவைக்கூத்தரின் கைக்கு இச்சங்கடம் இல்லை. தான் அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்பது அக்கைக்கு முன்னரே தெரியும்.

இவ்வளவும் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வடநாட்டு நகரம் ஒன்றில் நடந்த கலைவிழாவுக்குப் போயிருந்தேன். தோல்பாவைக்கூத்து என்று அறிவிப்பில் கண்டு, குழந்தைகளையும் அழைத்துச் சென்றேன். திரை பெரிது, விளக்கு நல்லது, பாவைகள் அழகு. கோமாளி வந்ததும் முன்வரிசையில் ஒரு சிறுவன் எழுந்து ஏதோ கேட்டான். கோமாளி அவன்பக்கம் திரும்பவேயில்லை. இரண்டாம் முறையும் கேட்டான். கோமாளி தன் வசனத்தைச் சொல்லிக்கொண்டே போனான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: குரல் பதிவு செய்யப்பட்டது. காட்சி முடிந்த பின் பின்புறம் சென்று பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "என்ன செய்ய ஐயா, சரியா இருபது நிமிஷம்னு சொல்லிட்டாங்க. நான் பேச ஆரம்பிச்சா இருபது நிமிஷத்துல நிக்காது. அதனால பேசிப் பதிஞ்சு கொண்டு வந்துட்டோம்" என்றார். அவர்மேல் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. தினசரி அழைப்பு வராத தொழிலில், வந்த அழைப்பின் நிபந்தனையை மறுக்க யாரால் இயலும்? ஆனால் அச்சிறுவனின் கேள்வி என்னவாயிருக்கும் என்று வீடு திரும்பும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே உங்கள் நகரத் தமிழ்ச் சங்கத்தார் இத்தகைய குழுவை அழைப்பாராயின், ஒலிபெருக்கி வாடகையைப் பற்றிப் பேசுவதற்குமுன் ஒரு மணி நேரத்தையாவது ஒதுக்கிக் கொடுங்கள். ஊர்ச் செய்தி சொல்ல ஓர் ஆளையும் பகலிலேயே அவரோடு அனுப்புங்கள். உங்கள் செயலாளரின் பழைய ஸ்கூட்டரைப் பற்றி உச்சிக்குடும்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாமே செய்து பார்க்க விரும்புவோர்க்கும் வழி உண்டு. ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு போதும். விளக்கு ஒன்றே இருக்க வேண்டும். அது சிறிய பல்பாக இருக்க வேண்டும். குழல்விளக்கு நிழலின் ஓரத்தை மழுக்கிவிடும். பல புள்ளிகள் எரியும் எல்.இ.டி. பட்டையோ ஒரு பாவைக்குப் பத்து நிழல்களை உண்டாக்கும். அட்டையை வெட்டி, இடைவெளிகளில் வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டினால் ஆட்டுத்தோலின் வேலையை ஓரளவு செய்யும். பாவையைப் பிடிப்பவரே பேச வேண்டும். ஒருவர் பிடிக்க, மற்றவர் மைக்கில் பேசுவது என்ற ஏற்பாட்டை நாங்கள் முயன்று தோற்றோம்.

கணிப்பொறி அறிந்த இளைஞர் இருப்பின் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். 1996-இல் மில்லர் பக்கெட் வெளியிட்ட 'பியூர் டேட்டா', 2001-இல் தொடங்கப்பெற்ற 'புராசசிங்' ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் முதல்நாள் ஒரே ஓர் உறவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: சபையின் சிரிப்பொலி உயர்ந்தால் திரையில் நிலவு பெரிதாகட்டும். இருபது உறவுகளைப் புகுத்தினால் எதற்கு எது அசைகிறது என்று எவர்க்கும் விளங்காது. விளங்காவிடில் எவரும் மறுபடி சிரித்துப் பார்க்கமாட்டார்.

எங்கள் குடியிருப்பில் சென்ற பொங்கலன்று இவ்வாறு ஒன்று செய்தோம். அட்டையில் உளுவத்தலையனை நானே வெட்டினேன். அவன் தலை உளுவையைவிடப் பூசணிக்காயையே ஒத்திருந்தது. கீழ்வீட்டுச் சிறுமிக்குத் தமிழ் பேச்சளவில்கூட அரைகுறைதான். அவள் இந்தியில் எழுந்து, "உன் தலைக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டாள். எனக்கு எழுதி வைத்த வசனம் ஒன்றும் உதவவில்லை. பாட்டாவின் பேச்சில் ஏதோ சொன்னேன். அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்காத அச்சொல்லைத் திருப்பிச் சொல்லி, மீண்டும் கேட்டாள். அரை மணி நேரத்திற்கென்று திட்டமிட்ட காட்சி, கீழே காவற்காரர் வந்து விளக்கை அணைக்கச் சொல்லும்வரை நடந்தது.

அந்த உளுவத்தலையன் இப்போது என் புத்தக அலமாரியின் மேற்தட்டில் இருக்கிறான். இடக்கை நூல் அறுந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிக் கட்ட வேண்டும். சிறுமி இருமுறை வந்து கேட்டுவிட்டாள்.